கறுப்புத் திரையில் வண்ணப் பட்டியல்



கணினியிலே கறுப்புத் திரை ஒன்று உண்டு. படமும் இல்லை, அழுத்துவதற்குப் பொத்தானும் இல்லை. மூலையில் மினுக்கிக்கொண்டு நிற்கும் ஒரு சிறு கட்டம் மட்டுமே தெரியும். நாம் எழுத்தில் கட்டளை கொடுத்தால் அது எழுத்திலேயே பதில் சொல்லும். இதற்கு முனையம் என்று பெயர். டெர்மினல் என்றும் சொல்வார்கள். பழைய கணினியில் விலையில்லாமல் கிடைக்கும் லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டு வைத்திருக்கும் வீடுகளில், பிள்ளைகளின் தோளுக்கு மேலே எட்டிப் பார்க்கும் பெற்றோர்கள் இதைக் கண்டிருப்பீர்கள். அதில் சில பெயர்கள் நீலமாகவும், சில பச்சையாகவும், சில சிவப்பாகவும் வரிசைகட்டி நிற்கும். அந்த நிறங்கள் எங்கிருந்து வருகின்றன, அவற்றை நம் கண்ணுக்கு ஏற்றபடி எப்படி மாற்றிக்கொள்வது என்பதே இன்றைய பேச்சு.

பெயரைப் படித்தால் போதாதா, நிறத்தில் என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். பெயரைப் படிக்க முடியாமல் போவதுதான் இங்கே சிக்கலே. கறுப்புத் திரையில் கருநீல எழுத்து. பிள்ளை திரைக்கு மூக்கு படும்படி குனிந்து பார்க்கிறது. 'தெரியவில்லை' என்கிறது. உடனே ஒரு வீட்டில் கணினி பழுது என்கிறார்கள். இன்னொரு வீட்டில் பிள்ளைக்குப் பார்வைக் கோளாறு என்கிறார்கள். மூன்றாவது வீட்டில், 'இதெல்லாம் நமக்கு எதற்கு' என்று மூடி வைத்துவிடுகிறார்கள். பெரும்பாலும் முதல் இரண்டும் உண்மையில்லை. மூன்றாவதற்கோ தேவையே இல்லை. ஒரு கோப்பைத் திறந்து இரண்டு எண்ணை மாற்றினால் தீர்ந்துவிடும் காரியம் அது.

முதலில் கட்டளையைத் தெரிந்துகொள்வோம். அதன் பெயர் இரண்டே எழுத்து: எல், எஸ். பட்டியலிடு என்று பொருள்படும் 'லிஸ்ட்' என்னும் சொல்லின் சுருக்கம். இதைத் தட்டி நுழைவு விசையை அழுத்தினால், நாம் இருக்கும் இடத்திலுள்ள கோப்புகளின் பெயர்களெல்லாம் வரிசையாக வரும். அமெரிக்காவிலுள்ள பெல் ஆய்வுக்கூடத்தில் உருவான யூனிக்ஸ் இயங்குதளத்தின் முதல் கையேடு 1971-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதிலேயே இக்கட்டளை இருக்கிறது. அந்நாளில் முனையம் என்றால் பெரும்பாலும் திரை கிடையாது. டெலிடைப் என்னும் தட்டச்சுப் பொறி காகிதச் சுருளில் டக், டக் என்று அடித்துக்கொண்டு போகும். நொடிக்குப் பத்து எழுத்துதான் அதன் வேகம். அந்தப் பொறியின் முன் உட்கார்ந்திருப்பவர்கள் நீளமான கட்டளைகளை எப்படி விரும்புவார்கள்? அதனால்தான் எல், எஸ் என்று இரண்டெழுத்தில் முடித்துவிட்டார்கள்.

காகிதத்தில் நிறம் ஏது? திரை வந்த பிறகும் வெகு காலம் ஒரே நிறந்தான். 1978-ஆம் ஆண்டு டெக் நிறுவனம் வெளியிட்ட விடி 100 என்னும் முனையம் உலகம் முழுவதும் பெயர் பெற்றது. அதிலும் ஒரு நிற எழுத்தே. ஆனால் அந்த முனையம் ஒரு வழக்கத்தை நிலைநாட்டியது. கணினி அனுப்பும் எழுத்துகளுக்கு நடுவே ஒரு சைகையை வைத்தால், அதற்குப் பின் வருவது அச்சிட வேண்டிய எழுத்தல்ல, நிறைவேற்ற வேண்டிய ஆணை என்று முனையம் புரிந்துகொள்ளும். தடித்துக் காட்டு, அடிக்கோடிடு, மினுக்கு என்பவை போன்ற ஆணைகள் அவை. அந்தச் சைகைக்கு எண் 27. இன்றும் நம் விசைப்பலகையின் இடது மேல் மூலையில் இருக்கும் எஸ்கேப் விசையின் எண்ணே அது. பிற்பாடு நிறத்திரைகள் வந்தபோது, நிறத்துக்குரிய ஆணைகளும் இதே வழியில் போகத் தொடங்கின. லினக்ஸ் 1991-ஆம் ஆண்டு பிறந்தது. அதனோடு சேர்ந்து வழங்கும் க்னூ திட்டத்தின் எல்எஸ் கட்டளை இந்த ஆணைகளைக் கற்றுக்கொண்டு, பட்டியலுக்கு வண்ணம் தீட்டத் தொடங்கியது.

இங்கே ஒன்றை நன்றாக மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். நிறம் கோப்பில் இல்லை. ஒரு கோப்பு நீலமும் அல்ல, பச்சையும் அல்ல. எல்எஸ் கட்டளை பெயரை எழுதுவதற்கு முன்னால் 'இனி நீலம்' என்று ஓர் ஆணை அனுப்புகிறது, பெயரை எழுதுகிறது, 'பழைய நிறத்துக்குத் திரும்பு' என்று இன்னோர் ஆணை அனுப்புகிறது. அவ்வளவுதான். எதற்கு எந்த நிறம் என்பதை அது ஒரு பட்டியலைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறது. அந்தப் பட்டியல் நம் கைக்கு எட்டும் இடத்திலே இருக்கிறது. யாரோ வெளிநாட்டில் எழுதிய பட்டியல் என்று நாம் கும்பிட்டு ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை.

பட்டியலில் நிறங்கள் எண்களாக எழுதப்பட்டிருக்கும். எழுத்தின் நிறத்துக்கு 30 முதல் 37 வரை. கறுப்பு 30, சிவப்பு 31, பச்சை 32, மஞ்சள் 33, நீலம் 34, செவ்வூதா 35, நீலப்பச்சை 36, வெள்ளை 37. இதை மனப்பாடம் செய்யத் தேவையில்லை, கூட்டல் தெரிந்தால் போதும். சிவப்புக்கு 1, பச்சைக்கு 2, நீலத்துக்கு 4 என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சிவப்பு ஒளியும் பச்சை ஒளியும் சேர்ந்தால் மஞ்சள். 1-உம் 2-உம் 3. சிவப்பும் நீலமும் சேர்ந்தால் செவ்வூதா. 1-உம் 4-உம் 5. பச்சையும் நீலமும் சேர்ந்தால் நீலப்பச்சை, 6. மூன்றும் சேர்ந்தால் 7, வெள்ளை. எதுவும் இல்லையென்றால் சுழியம், அதாவது கறுப்பு. இவற்றோடு 30-ஐக் கூட்டினால் எழுத்தின் நிறம். 40-ஐக் கூட்டினால் எழுத்துக்குப் பின்னால் பூசப்படும் நிறம்.

சாயப் பெட்டியில் சிவப்பையும் பச்சையையும் குழைத்தால் மஞ்சள் வராதே, சேற்று நிறமல்லவா வருகிறது என்று பிள்ளைகள் கேட்பார்கள். நல்ல கேள்வி. சாயம் ஒளியை விழுங்குவது. திரை ஒளியை வீசுவது. இரண்டு சாயத்தைக் கலந்தால் இரண்டும் சேர்ந்து அதிகமாக விழுங்கிவிடுவதால் இருள் கூடுகிறது. இரண்டு விளக்கை ஓரிடத்தில் காட்டினால் வெளிச்சம் கூடுகிறது. தொலைக்காட்சிப் பெட்டியின் திரையில் ஒரு நீர்த்துளி பட்டுவிட்டால் அதனூடே பாருங்கள்; சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று நிறப் புள்ளிகள் தெரியும். திரையில் நாம் காணும் நிறங்களெல்லாம் இம்மூன்றின் கூட்டுதான்.

நிற எண்ணுக்கு முன்னால் இன்னோர் எண்ணும் வரலாம். 01 என்றால் தடித்த எழுத்து, 04 என்றால் அடிக்கோடு, 05 என்றால் மினுக்கல், 07 என்றால் எழுத்தும் பின்னணியும் நிறம் மாற்றிக்கொள்ளும். இரண்டு எண்களுக்கு இடையில் ஓர் அரைப்புள்ளி. ஆக, 01;34 என்று எழுதியிருந்தால் தடித்த நீலம். மினுக்கல் மட்டும் வேண்டாம் என்பது நம் கருத்து. முழுநேரமும் கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருக்கும் பட்டியலை எவரால் பொறுமையாகப் படிக்க முடியும்?

இனி, வழக்கமாக வரும் பட்டியலைப் பார்ப்போம். கோப்புகளைப் போட்டு வைக்கும் உறையான கோப்புறைக்கு 01;34, தடித்த நீலம். இயக்கக்கூடிய நிரல்களுக்கு 01;32, பச்சை. பல கோப்புகளைச் சுருக்கிக் கட்டிய ஜிப் போன்ற பொதிகளுக்கு 01;31, சிவப்பு. ஒளிப்படங்களுக்கு 01;35, செவ்வூதா. வேறோர் இடத்திலுள்ள கோப்பைச் சுட்டிக்காட்டும் இணைப்புகளுக்கு 01;36. சாதாரண எழுத்துக் கோப்புகளுக்குத் தனி நிறம் எதுவும் இல்லை.

இதில் முதலாவதுதான் நம் தலைவலி. நீலம் ஏன் கறுப்பில் மங்குகிறது? நம் கண் எல்லா நிறத்தையும் ஒரே அளவு வெளிச்சமாக உணர்வதில்லை. திரையில் முழு வெண்மை காட்டும்போது நாம் உணரும் வெளிச்சத்தை நூறு பங்கு என்று வைத்தால், அதில் பச்சையின் பங்கு ஏறத்தாழ 72, சிவப்பின் பங்கு 21, நீலத்தின் பங்கு 7 மட்டுமே. நூற்றில் ஏழு பங்கு வெளிச்சத்தில் எழுதிய எழுத்தைக் கறுப்பின்மேல் வைத்தால் எப்படித் தெரியும்? மஞ்சளுக்கோ பச்சையும் சிவப்பும் சேர்ந்து 93 பங்கு. ஆகவே கறுப்புத் திரையில் மஞ்சள் பளிச்சென்று நிற்கும். சிலர் முனையத்தை வெள்ளைப் பின்னணியில் வைத்துக்கொள்வார்கள். அங்கே கதை தலைகீழ்: நீலம் அழகாகத் தெரியும், மஞ்சள் காணாமற்போகும். எந்த நிறம் நல்லது என்று தனியாகக் கேட்பதில் பயனில்லை. எதன்மேல் எது என்றுதான் கேட்க வேண்டும்.

பக்கத்து வீட்டுக் கணினியில் அதே நீலம் நன்றாகத் தெரிகிறதே என்று நீங்கள் வியக்கலாம். 34 என்பது 'நீலம்' என்ற பெயர் மட்டுந்தான். எவ்வளவு வெளிர் நீலம், எவ்வளவு கருநீலம் என்பதை முனையமே முடிவு செய்கிறது. அதோடு, 01 என்னும் தடிப்பு எண்ணைக் கண்டதும் சில முனையங்கள் எழுத்தைத் தடிப்பதோடு நிறத்தையும் வெளிறச் செய்யும். சில முனையங்கள் தடிப்பதோடு நின்றுவிடும். இரண்டு வீட்டிலும் எண் ஒன்றே. காட்டுகிற விதம் வேறு.

இப்போது மாற்றும் வேலைக்கு வருவோம். எழுதுகோலும் தாளும் எடுத்துக்கொள்ளுங்கள். உபுண்டு என்னும் லினக்ஸ் வகையை வைத்து நாம் சொல்கிறோம். பள்ளிகளிலும் வீடுகளிலும் பலர் பயன்படுத்துவது அது. இதற்கு உதவும் கட்டளையின் பெயர் டிர்கலர்ஸ். எச். பீட்டர் ஆன்வின் என்னும் நிரலர் எழுதியது. எழுத்துக்கூட்டல் இதோ, எல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்து: டி, ஐ, ஆர், சி, ஓ, எல், ஓ, ஆர், எஸ். ஒன்பது எழுத்து, நடுவில் இடைவெளி இல்லை. பள்ளியில் நாங்கள் நிறம் என்பதற்கு ஆங்கிலத்தில் யு சேர்த்து எழுதச் சொல்லிக் கொடுக்கிறோம். இது அமெரிக்கர் எழுத்துக்கூட்டல், யு கிடையாது. நன்றாகப் படிக்கும் பிள்ளைதான் இந்த இடத்தில் யு சேர்த்துவிட்டுக் கட்டளை கிடைக்கவில்லை என்று விழிக்கும்.

முனையத்தைத் திறந்ததும் நீங்கள் உங்கள் சொந்த இடத்தில் நிற்பீர்கள். அங்கே டிர்கலர்ஸ் என்று எழுதி, ஓர் இடம் விட்டு, ஒரு சிறு கோடும் அதை ஒட்டி 'பி' எழுத்தும் போடுங்கள். மறுபடி இடம் விட்டு, கணக்குப் பாடத்தில் வரும் 'பெரிது' என்னும் குறி. மறுபடி இடம் விட்டு, ஒரு முற்றுப்புள்ளி, அதை ஒட்டியே மீண்டும் டிர்கலர்ஸ். நுழைவு விசையை அழுத்துங்கள். திரையில் ஒன்றும் நடக்காதது போலிருக்கும். கவலை வேண்டாம், வேலை முடிந்துவிட்டது. வழக்கமான நிறப் பட்டியல் முழுவதும் ஒரு புதிய கோப்பில் எழுதப்பட்டுவிட்டது. புள்ளியில் தொடங்கும் பெயருள்ள கோப்புகளை எல்எஸ் சாதாரணமாகக் காட்டுவதில்லை. பார்க்க வேண்டுமானால் எல்எஸ், இடம், சிறு கோடு, 'ஏ'.

அடுத்து அந்தக் கோப்பைத் திறக்க வேண்டும். நேனோ என்னும் எளிய தொகுப்பான் போதும். என், ஏ, என், ஓ, இடம், பிறகு புள்ளியோடு சேர்த்து டிர்கலர்ஸ். நீளமான பட்டியல் விரியும். ஹேஷ் குறிக்குப் பின்னால் எழுதியிருப்பவையெல்லாம் மனிதர்கள் படிப்பதற்கான விளக்கம். கணினி அவற்றைப் பொருட்படுத்தாது. கீழே போகப் போக, பெரிய எழுத்தில் டி, ஐ, ஆர் என்று தொடங்கி 01;34 என்று முடியும் வரி ஒன்று கண்ணில் படும். அதுதான் கோப்புறைக்குரிய வரி. 34-ஐ அழித்து 33 என்று எழுதுங்கள். கண்ட்ரோல் விசையைப் பிடித்துக்கொண்டு 'ஓ', பிறகு நுழைவு விசை, சேமிக்கப்பட்டது. கண்ட்ரோலோடு 'எக்ஸ்', வெளியே வந்துவிட்டீர்கள். முனையத்தை மூடி, புதிதாகத் திறந்து, எல்எஸ் என்று தட்டிப் பாருங்கள். கோப்புறைகள் மஞ்சளாக எழுந்து நிற்கும்.

முனையம் திறக்கும்போது இந்தக் கோப்பு இருக்கிறதா என்று உபுண்டு தானே தேடிப் பார்க்கும். இருந்தால், அதிலுள்ளதை ஒரே நீண்ட வரியாகச் சுருட்டி நினைவில் வைத்துக்கொள்ளும். எல்எஸ் அந்த வரியைத்தான் படிக்கிறது. புதிதாகத் திறக்கச் சொன்னதற்குக் காரணம் இதுவே. ஆப்பிள் கணினி வைத்திருப்பவர்களுக்கு முறை வேறு. அங்கே எண்ணுக்குப் பதிலாக எழுத்துகள், ஒவ்வொரு வகைக்கும் இரண்டிரண்டாக. அதற்குள் இன்று போகவில்லை.

கோப்புறையை மாற்றியது சுலபமாக இருந்ததென்றால், குடும்பத்துக்குப் பயன்படும் இன்னொரு வரியைச் சேர்க்கலாம். சம்பளச் சீட்டு, சேமநிதிக் கணக்கு அறிக்கை, பள்ளிக் கடிதம் முதலியவை இப்போது பிடிஎஃப் கோப்புகளாகவே வருகின்றன. வழக்கமான பட்டியலில் பிடிஎஃப்புக்கு நிறம் இல்லை. ஐந்நூறு படத்துக்கும் பாட்டுக்கும் நடுவே அப்பாவின் சம்பளச் சீட்டு எங்கே இருக்கிறதென்று தேடுவது பெரும்பாடு. பட்டியலின் கடைசியில் ஒரு புது வரி எழுதுங்கள்: ஒரு புள்ளி, அதை ஒட்டிச் சிறிய எழுத்தில் பி, டி, எஃப்; இடம்; 04;37. இனிப் பிடிஎஃப் எல்லாம் வெள்ளை எழுத்தில், அடிக்கோட்டுடன் வரும். கோப்பின் பெயரைத் தமிழிலேயே வைக்கலாம் என்பதையும் சொல்லிவிடுகிறோம். 'சம்பளம் மார்ச்' என்று தமிழில் பெயரிட்டு, கடைசியில் புள்ளி பி, டி, எஃப் இருந்தால் போதும்.

பெயரின் கடைசி எழுத்துகளைப் பார்த்துத்தான் எல்எஸ் இங்கே நிறம் கொடுக்கிறது, உள்ளே திறந்து பார்ப்பதில்லை. இது பெரியவர்கள் கவனிக்க வேண்டிய இடம். பெயரின் வால் ஜேபிஜி என்றிருந்தால் அது ஒளிப்படத்தின் நிறம் பெறும். உள்ளே இருப்பது படந்தானா என்பதற்கு நிறம் சாட்சி சொல்லாது. ஆனாலும் வாலைக் கவனிக்கும் பழக்கம் நல்லது. நம் நாட்டில் கல்யாண அழைப்பிதழ் என்று சொல்லிக் கைப்பேசிக்குக் கோப்பு அனுப்பி, திறந்தவரின் வங்கிப் பணத்தைக் கொள்ளையிடும் மோசடியைப் பற்றி 2023-ஆம் ஆண்டிலே காவல் துறை எச்சரித்தது. அந்தக் கோப்புகளின் வால் ஏ, பி, கே. அது படமல்ல, கைப்பேசியில் நிறுவப்படும் செயலி. கைப்பேசியிலிருந்து கோப்புகளைக் கணினிக்கு மாற்றி வைக்கும் வீடுகளில், பட்டியலில் புள்ளி ஏ, பி, கே என்ற வரி ஏற்கெனவே இருந்தால் அதன் எண்ணை மாற்றுங்கள். இல்லையென்றால் புதிதாகச் சேருங்கள். எண் 01;37;41, அதாவது சிவப்புப் பட்டையின்மேல் வெள்ளை. அழைப்பிதழ் என்ற பெயரோடு சிவப்புப் பட்டையும் சேர்ந்து வந்தால், திறக்கும் முன் கை ஒரு கணம் நிற்கும்.

இன்னொரு வரியும் பலரைத் தொல்லைப்படுத்துவது. விண்டோசு கணினியில் பயன்படுத்திய வன்தட்டைக் கொண்டுவந்து லினக்ஸில் சொருகினால், கோப்புறைகளெல்லாம் பச்சைப் பட்டையின்மேல் நீல எழுத்தாகப் பல்லிளிக்கும். படம், பாட்டு எல்லாமே பச்சையாகிவிடும். காரணம் இது: அத்தகைய தட்டில் 'எவரும் எழுதலாம், எதையும் இயக்கலாம்' என்று எல்லாவற்றுக்கும் அனுமதி இருப்பதாகவே லினக்ஸுக்குத் தோன்றுகிறது. எவரும் எழுதக்கூடிய கோப்புறை ஆபத்தானது என்பதால் அதற்கு 34;42 என்று எச்சரிக்கை நிறம் வைத்திருக்கிறார்கள். எச்சரிக்கை நியாயமானதே. ஆனால் எச்சரிக்கிற எழுத்தைப் படிக்க முடியவில்லை என்றால் எச்சரித்து என்ன பயன்? பட்டியலில் 34;42 என்று முடியும் வரியைத் தேடி, 30;42 என்று மாற்றிவிடுங்கள். பச்சைப் பட்டை அப்படியே நிற்கும், எழுத்து மட்டும் கறுப்பாகித் தெளியும்.

இதுவரை சொன்னது எல்லாக் கண்ணுக்கும் பொருந்தும். சில கண்களுக்கு இது போதாது. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத பார்வை சிலருக்குப் பிறவியிலேயே உண்டு. இது தாய்வழியாக மகனுக்கு வருவது; தாயின் பார்வை பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். ஆகவே பெண்களைவிட ஆண் பிள்ளைகளிடம் இது மிக அதிகம். இந்தப் பிள்ளைகளுக்கு எழுத்து தெரியும், தூரம் தெரியும், கரும்பலகை தெரியும். அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. வண்ணம் தீட்டும் பாடத்தில் இலைக்குப் பழுப்பு நிறம் பூசிவிட்டு, 'கவனமில்லாதவன்' என்று பெயர் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். வகுப்பறையில் நாங்கள் இத்தகைய பிள்ளைகளைப் பார்த்திருக்கிறோம். ஜப்பானிய மருத்துவர் இஷிஹாரா 1917-ஆம் ஆண்டு வெளியிட்ட புள்ளிப் படங்களைக் காட்டினால் சில நிமிடத்தில் தெரிந்துவிடும். சந்தேகம் இருந்தால் கண் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். இது நோயல்ல, அறிவுக் குறையுமல்ல.

அந்தப் பிள்ளை முனையத்தின் முன் உட்கார்ந்தால் என்ன ஆகும்? இயக்கக்கூடிய நிரல் பச்சை, சுருக்கிக் கட்டிய பொதி சிவப்பு என்றல்லவா பட்டியல் சொல்கிறது. அவன் கண்ணுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்று. அவனுக்காகப் பட்டியலை மாற்றும்போது சிவப்பு, பச்சை என்ற சோடியைக் கைவிட்டு, மஞ்சள், நீலப்பச்சை, வெள்ளை ஆகியவற்றை எடுத்துக்கொள்ளலாம். தடிப்பு, அடிக்கோடு, பின்னணிப் பட்டை ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இவற்றைவிடச் சிறந்த வழி நம் தோட்டத்து வேலையிலேயே இருக்கிறது. செம்பனைக் குலை பழுத்ததா என்று பார்ப்பவர், கறுப்பு நிறம் போய்ச் செம்மஞ்சள் ஏறியிருக்கிறதா என்று மட்டும் பார்த்து வெட்டுவதில்லை. மரத்தடியில் உதிர்ந்த பழம் கிடக்கிறதா என்றும் பார்ப்பார். நிழல் அடர்ந்த இடத்தில் நிறம் ஏமாற்றும். உதிர்ந்த பழம் ஏமாற்றாது. எல்எஸ் கட்டளைக்கும் இப்படி ஓர் உதிரிப்பழம் உண்டு. எல்எஸ், இடம், சிறு கோடு, அதை ஒட்டிப் பெரிய எழுத்தில் 'எஃப்'. இப்படித் தட்டினால் கோப்புறையின் பெயருக்குப் பின்னால் ஒரு சாய்கோடு வரும். இயக்கக்கூடிய நிரலுக்குப் பின்னால் நட்சத்திரக் குறி. இணைப்புக்குப் பின்னால், மின்னஞ்சல் முகவரியில் வரும் 'அட்' குறி. நிறமே தெரியாதவரும், கறுப்பு வெள்ளையில் அச்சடித்து வைத்திருப்பவரும் எது என்ன என்று சொல்லிவிடலாம். உபுண்டுவில் இதைத் தட்டுவதற்கும் சோம்பல்படத் தேவையில்லை. சிறிய எழுத்தில் 'எல்' என்ற ஒரே எழுத்தைத் தட்டினால் இந்தக் குறிகளோடு பட்டியல் வரும்படி முன்கூட்டியே ஏற்பாடு செய்திருக்கிறார்கள். நிறமும் போகாது, குறியும் கூடவே வரும். நிறம் நன்றாகத் தெரிகிறவர்களும் இப்படியே பழகுவது நல்லது என்பது நம் எண்ணம்.

மாற்றி மாற்றிப் பார்த்து எல்லாம் குழம்பிவிட்டதென்றால் அஞ்ச வேண்டாம். நிறப் பட்டியலில் என்ன செய்தாலும் உங்கள் கோப்புகளுக்கு ஒன்றும் ஆகாது. படமும் பாடமும் அப்படியேதான் இருக்கும். புள்ளி டிர்கலர்ஸ் என்னும் அந்த ஒரு கோப்பை நீக்கிவிட்டு முனையத்தைத் திறந்தால் பழைய நிறங்கள் திரும்பிவிடும். நீக்கும் கட்டளை ஆர், எம், இடம், பிறகு புள்ளியோடு கோப்பின் பெயர். ஆர், எம் கட்டளை மட்டும் கேள்வி கேட்காமல் அழித்துவிடும், குப்பைத்தொட்டியில் போட்டு வைக்காது. பெயரைச் சரியாக எழுதியிருக்கிறோமா என்று ஒரு முறைக்கு இரு முறை பார்த்த பிறகே நுழைவு விசையைத் தொடுங்கள்.

ஒரே கணினியை அண்ணன் தங்கை இரண்டு மூன்று பேர் பகிர்ந்துகொள்ளும் வீடுகளில், ஆளுக்கொரு பயனர் பெயர் வைத்துக் கொடுங்கள். இந்தப் பட்டியல் ஒவ்வொருவரின் சொந்த இடத்தில் தனித்தனியே இருப்பதால், தங்கை வெள்ளைத் திரையில் நீலம் வைத்துக்கொள்ளலாம், அண்ணன் கறுப்புத் திரையில் மஞ்சள் வைத்துக்கொள்ளலாம். ஒருவர் மாற்றியது மற்றவரைத் தொடாது.